பின்னாசனத்துக்கு ஒரு ஷொக்

பெரகலச் சந்தியில் நிற்பவர் கண்ணுக்கு மூன்று பாதைகள் தோன்றும். ஒன்று ஹல்துமுல்ல, பலாங்கொடை, இரத்தினபுரி என்று இறங்கிக் கொழும்பை நாடிச் செல்வது. மற்றொன்று கொஸ்லந்தை வழியாகத் தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாயச் சமவெளியிற் போய் இறங்குவது. மூன்றாவது அப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளையைத் தாண்டி, ஹாலி-எலவில் பதுளைப் பாதையோடு கலப்பது. முதலிரண்டும் ஏ-4 நெடுஞ்சாலையின் இரு பக்கங்கள். மூன்றாவதற்கு ஏ-16 என்று எண். இவற்றிலிருந்து பிரிந்து தேயிலை மலைகளுக்குள் நுழையும் நாலாவது வகைப் பாதையும் உண்டு. அதற்கு எண் கிடையாது. கருங்கல்லை அடுக்கி, அதன் மேல் என்றோ தார் தெளித்து, ஐப்பசி மழை அந்தத் தாரைக் கழுவிக்கொண்டு போனபின் கல் மட்டும் எஞ்சி நிற்கும் தோட்டப் பாதை அது.

அப்படிப்பட்ட பாதையொன்றில் வாரத்தில் ஐந்து நாட்கள் எமது பழைய ஸ்கூட்டர் ஓடுகிறது. முன்னாசனத்தில் நாம், பின்னாசனத்தில் எமது துணைவியார். தோட்டப் பாடசாலையொன்றில் முதலாந் தரத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் அவர். நெடுஞ்சாலை வரை பஸ் உண்டு. அங்கிருந்து பாடசாலைக்குள்ள ஆறு கிலோமீற்றருக்கு எதுவுமில்லை. சென்ற ஆண்டின் இறுதித் தவணையில் அவருக்கு முதுகுவலி கண்டது. வைத்தியர் பரிசோதித்து, சில பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்து, "குலுக்கலைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

குலுக்கலைக் குறைக்க இரண்டு வழிகள் இருந்தன. நகரப் பாடசாலைக்கு இடமாற்றம் கேட்பது ஒன்று. ஸ்கூட்டரைச் சீர்செய்வது மற்றொன்று. முதல் வழியைத் தேர்ந்தால், இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு அகரம் எழுதுவிக்க இன்னொருவர் வரவேண்டும். தோட்டப் பாடசாலைக்கு அப்படியொருவர் எப்போது வருவார் என்பதை மலைநாட்டுப் பெற்றோருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இடமாற்ற விண்ணப்பப் படிவம் வீட்டு மேசையில் வந்து கிடந்தது. அதை நிரப்புமுன் இரண்டாவது வழியையும் பார்த்துவிடுவது என்று வீட்டில் எல்லோருமாகத் தீர்மானித்தோம்.

"புதிய வாகனம் ஒன்றை வாங்கினால் என்ன?" என்று வாசகர் கேட்கலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலையே பொன் விலையாயிற்று. 2022இல் கியூ.ஆர். அட்டையைக் காட்டிப் பெற்றோல் வாங்கிய காலத்தில், சிறிது எண்ணெயில் நெடுந்தூரம் ஓடிய பழைய ஸ்கூட்டர் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிற்று. இறக்குமதி திறந்தபின்னும் புதியவற்றின் விலை எம்மைப் போன்றோரின் சம்பளத்துக்கு எட்டுவதாயில்லை. இருப்பதைப் பேணுவதே குடும்பத்துக்கு உகந்தது.

எமது ஸ்கூட்டர் இத்தாலிய வெஸ்பாவின் அமைப்பைப் பின்பற்றி இந்தியாவிற் செய்யப்பட்டது. வெஸ்பா என்றால் இத்தாலிய மொழியிற் குளவி. பியாஜ்ஜியோ நிறுவனத்துக்காக அதனை உருவாக்கிய கொராடினோ தஸ்கானியோ ஹெலிகொப்டர் அமைத்த பொறியியலாளர். 1946ஆம் ஆண்டு வெளிவந்த அந்த வண்டியில் அவர் சங்கிலியைத் தவிர்த்து, எஞ்சினையும் பின்சக்கரத்தையும் ஒரே அங்கமாக்கி, அந்த அங்கம் முழுவதும் ஓர் அச்சில் மேலுங் கீழும் அசையுமாறு செய்தார். எனினும் முதலில் வந்த 98 கன சென்ரிமீற்றர் வண்டியில் பின்பக்கத்துக்கு வில் இருக்கவில்லை. 1948இல் வந்த 125 கன சென்ரிமீற்றர் வண்டியிலேதான் அது சேர்க்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் இத்தாலியப் பாதைகளில் ஓடியபின் பின்னாலிருப்பவரையும் நினைத்திருக்கிறார்கள் போலும்! பிற்காலத்தில் இந்தியாவின் பஜாஜ் நிறுவனம் பியாஜ்ஜியோவின் அனுமதியோடு வெஸ்பாவைச் செய்தது. 1972இல் சேத்தக் என்ற பெயரிலே தன் சொந்த வண்டியை வெளியிட்டது. கடல் கடந்து எமது மலைகளுக்கு வந்த பழைய ஸ்கூட்டர்களிற் பல இந்த வம்சத்தவையே.

பின்சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே நிற்கும் அந்த ஒற்றை உறுப்பைப் பாடநூல் அதிர்வுதாங்கி என்கிறது. கராஜில் அதற்குப் பெயர் 'ஷொக்'. அதற்குள் இருவர் வேலை செய்கின்றனர். வெளியே தெரியும் சுருள்வில் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே மறைந்திருக்கும் குழாயில் எண்ணெயும் முசலமும் உள்ளன. சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கப்பட்டு, ஆட்டத்தின் சக்தியை வெப்பமாக மாற்றுகிறது. கரடுமுரடான பாதையில் ஓடிவந்த வண்டியின் ஷொக்கைத் தொட்டுப் பார்த்தால் கையிற் சிறிது சூடு தெரியும். வில் மட்டும் இருந்து எண்ணெய்க் குழாய் செயலற்றுப் போனால், ஒரு கல்லுக்கு ஒரு குலுக்கல் என்றிருந்தது ஒரு கல்லுக்கு நான்கு குலுக்கலாகிவிடும்.

இதனைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டா. வண்டியின் பின்பக்கத்தை இரு கைகளாலும் அழுத்தி விடுங்கள். ஒரு தரம் எழுந்து அமைதியாக நின்றால் ஷொக் நலமாயிருக்கிறது. ஊஞ்சல் போல் இரண்டு மூன்று தரம் ஆடினால் உள்ளே எண்ணெய் போய்விட்டது. எமது ஸ்கூட்டர் மூன்று தரம் ஆடிற்று. குழாயின் அடியிற் கறுப்பாக எண்ணெய்க் கசிவும் இருந்தது.

பண்டாரவளையில் நாம் வழக்கமாகப் போகும் கராஜ் பாஸ் வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை இப்போதும் நினைவிலிருக்கிறது.

"ஐயா, ஓட்டுறவருக்கு இது பாதிதான் தெரியும். டீச்சரைக் கேட்டாத்தான் முழுக்கத் தெரியும்."

அவர் கூற்றில் நல்ல பௌதிகவியல் இருக்கிறது. முன்னால் இருப்பவரின் பாரம் இரு சக்கரங்களுக்கும் பங்கிடப்படுகிறது. பின்னால் இருப்பவரோ ஏறத்தாழப் பின்சக்கரத்தின் மேலேயே அமர்ந்திருக்கிறார். அவருடைய பாரம் அனேகமாக முழுவதும் அந்த ஒற்றை ஷொக்கின் மேல் இறங்குகிறது. அது போக, ஓட்டுபவர் குழியைத் தூரத்திலேயே காண்கிறார். கைப்பிடியை இறுக்கி, காலை ஊன்றி, உடலை ஆயத்தப்படுத்திக்கொள்கிறார். பின்னாலிருப்பவருக்கு முன்னால் தெரிவது ஓட்டுபவரின் முதுகும் மழைச்சட்டையுமே. சேலை உடுத்து ஒரு பக்கமாகத் திரும்பி அமர்ந்திருக்கும் ஆசிரியைக்கு ஒவ்வொரு குழியும் அறிவிப்பின்றியே வருகிறது. திருப்பிய நிலையிலுள்ள முள்ளந்தண்டு அந்த அடியை வாங்குகிறது.

ஆகவே ஷொக் தெரிவு செய்யும் நாளில் குடும்பம் முழுவதுமே கராஜுக்குப் போயிற்று. பாஸ் மூன்று வழிகளை எடுத்து வைத்தார். பழைய ஷொக்கைத் திறந்து, எண்ணெய் மாற்றி, சீல் போட்டுத் தருவது முதலாவது, செலவு குறைவு. ஆனால் எமது ஷொக்கின் முசலத் தண்டில் துருப்பிடித்துச் சிறு பள்ளங்கள் விழுந்திருந்தன. அத்தகைய தண்டு புதிய சீலையும் விரைவில் அறுத்துவிடும் என்று அவரே அதனை விலக்கினார். இரண்டாவது, சிவப்பு வில்லும் பொன்னிறக் குழாயும் உடைய பளபளப்பான ஷொக். விலை மற்றதன் இருமடங்கு. மூன்றாவது, பழையதைப் போன்றே கறுப்பு நிறத்தில் எளிமையாகச் செய்யப்பட்டது.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் எமது மகன் இரண்டாவதைக் கையில் எடுத்தான்.

"அப்பா, இதுதான் நல்ல பலமாய் இருக்கு. அமத்திப் பாருங்க, அசையவே மாட்டேங்குது!"

அவன் தாயார் சிரித்துக்கொண்டே, "அசையாத ஒண்ணுக்கு ஷொக் எதுக்கு மகன்? ஒரு இரும்புத் துண்டை வச்சுக் கட்டினாப் போதுமே" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலையை மகனிடமே ஒப்படைத்தோம். பாஸிடமிருந்த வேணியர் இடுக்கிமானியை வாங்கி அவன் இரு வில்களின் கம்பித் தடிப்பையும் அளந்தான். கறுப்பு வில்லின் கம்பி 9 மில்லிமீற்றர். சிவப்பு வில்லின் கம்பி 10 மில்லிமீற்றர். சுற்றுகளின் எண்ணிக்கையும் சுருளின் அகலமும் ஏறத்தாழ ஒன்றே. "ஒரு மில்லிமீற்றர்தானே!" என்று தோன்றும். ஆனால் சுருள்வில்லின் விறைப்பு கம்பித் தடிப்பின் நாலாம் அடுக்கைப் பொறுத்துக் கூடும். 10ஐ 9ஆல் வகுத்து, வந்ததை நான்கு தடவை தன்னோடு பெருக்கினால் ஒன்றரைக்குச் சிறிது மேல் வரும். அதாவது ஒரு மில்லிமீற்றர் கம்பி கூடினால் வில் ஒன்றரை மடங்கு விறைப்பாகிவிடுகிறது. சுருளின் அகலம் கூடினாலும் சுற்றுகள் கூடினாலும் வில் இளகும். 1678இல் ரொபேட் ஹூக் வெளியிட்ட வில் விதியைப் பரீட்சைக்கு மனனஞ் செய்யும் மாணவர்கள், அது கராஜிலும் பயன்படும் என்பதை இங்கே காணலாம்.

விறைப்பான வில்லில் என்ன குறை? நல்ல ஷொக், ஆட்கள் ஏறி அமர்ந்ததும் சிறிது தாழவேண்டும். தன் அசைவு முழுவதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்து நிற்பது நன்று என்பர். அவ்வாறு தாழ்ந்து நின்றாற்றான் குழி வரும்போது சக்கரம் கீழே இறங்கி நிலத்தைத் தொட முடியும். தாழாத வில்லிற் சக்கரம் குழியின் மேலாகப் பறந்து, மறுகரையில் மோதும். மோதுவது முதுகெலும்பில் முடியும். பறப்பது வளைவிலும் ஈரத்திலும் பிடியை இழக்கச் செய்யும். மறுபுறம், மிக இளகிய வில் இரண்டு பேர் ஏறியதும் அடிமட்டம் வரை அமர்ந்துவிடும். அதன்பின் வரும் கல் இரும்போடு இரும்பாக இடிக்கும். மென்மை என்று வாங்கியதே வன்மையாகிவிடும்.

கராஜில் வேறொருவரின் ஸ்கூட்டர் அந்தச் சிவப்பு ஷொக்கோடு நின்றது. உரிமையாளரின் அனுமதியோடு நாமும் துணைவியாரும் அதில் ஏறி அமர, மகன் அளவு நாடாவைப் பிடித்தான். இருவர் பாரத்துக்கும் அது ஒரு சென்ரிமீற்றர் அளவே தாழ்ந்தது. தனியொருவராகத் தார்ச் சாலையில் வேகமாக ஓடுபவருக்கு அந்த விறைப்பு உகந்ததாயிருக்கலாம். கல் பாதையில் இருவராகப் போகும் எமக்கு அது பொருந்தாது. மகனும் சிவப்பை மெல்லக் கீழே வைத்தான். "நிறத்தை யார் பார்க்கப் போறாங்க? அது இருக்கிறதே எனக்குக் கீழே" என்று அவன் தாயார் தேற்றினார். தெரிவு அவருடையதாகவே இருந்தது.

கறுப்பு ஷொக்கை வாங்குமுன் பாஸ் பழையதையும் புதியதையும் பக்கத்திற் பக்கமாக நிறுத்தி, இரு முனைகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்து காட்டினார். இந்த அளவு முக்கியம். நீளம் கூடினால் வண்டியின் பின்பக்கம் உயர்ந்து, முன் கைப்பிடியின் சாய்வு மாறி, வண்டி நிலையற்று அலையும். குறைந்தால் சக்கரம் உடலின் உட்பக்கத்தில் உரசக்கூடும். ஒரே குலத்து ஸ்கூட்டர்களிலும் ஆண்டுக்கு ஆண்டு, மாதிரிக்கு மாதிரி இந்த அளவும், முனைகளின் அமைப்பும் வேறுபடும். பெயரைச் சொல்லி வாங்காமல் பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே அறிவுடைமை.

பூட்டும் வேலையை ஒரு சனிக்கிழமை வீட்டு முற்றத்திற் செய்தோம். எமது வண்டியிற் போலவே இவ்வகையிற் பலவற்றிலும் ஷொக்கின் மேல்முனை நட் பெற்றோல் தாங்கியின் கீழே ஒளிந்திருக்கும். ஆகவே ஆசனத்தைக் கழற்றி, பெற்றோலை வடித்து, தாங்கியை எடுக்க வேண்டும். அடுப்பும் நெருப்புக் குச்சியும் அருகில் இருத்தலாகாது; திறந்த வெளியே இதற்கு ஏற்றது. அடுத்து, வண்டியின் உடலை உறுதியான பலகைகளில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியிலும் ஒரு மரக்கட்டையை அணைகொடுக்க வேண்டும். எஞ்சினைத் தாங்கி நிற்பது அந்த ஷொக்கே என்பதை மறத்தலாகாது. அணையின்றி ஷொக்கைக் கழற்றினால் எஞ்சின் கீழே விழுந்து, கியர், கிளச், பிரேக் கேபிள்களையும் இழுத்து அறுக்கும்.

கீழ்முனைப் போல்ட் துருவேறி இறுகியிருந்தது. அதற்கு முதல் நாளிரவே எண்ணெய் விட்டு வைத்திருந்தோம். காலையில் ஸ்பேனருக்கு இணங்கிற்று. மேல்முனையில் இருக்கும் இறப்பர்த் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது வெடித்துக் கல்லாய் இறுகிக் கிடந்தது. ஷொக்கை மட்டும் மாற்றி இந்த இறப்பரை விட்டுவிடுபவர்கள் பலர். இரும்பிலிருந்து இரும்புக்கு அதிர்வு போகாமல் தடுப்பது அந்தச் சிறு துண்டே, விலையும் அற்பம். அவ்வாறே எஞ்சினின் முன்பக்க அச்சிலுள்ள இறப்பர்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் எஞ்சினோடு சேர்ந்து ஆடுமாயின் குற்றம் அங்கே இருக்கக்கூடும். அதற்குப் புதிய ஷொக் மருந்தாகாது.

புதிய ஷொக்கின் மேல்முனையை முதலிற் பொருத்தி, நட்டைக் கையால் மட்டும் திருகி வைத்தோம். மகன் ஒரு பலகையை நெம்புகோலாக்கி எஞ்சினை மெல்ல உயர்த்த, கீழ்முனைத் துவாரங்கள் நேரே வந்தன. சிறிது கிரீஸ் பூசிய போல்ட் உள்ளே போயிற்று. அதை உடனே இறுக்கிவிடாமல், வண்டியைச் சக்கரங்களில் நிறுத்தி, துணைவியாரை ஆசனத்தில் இருத்திய பின்பே இறுக்கினோம். தொங்கும் நிலையில் இறுக்கினால் உள்ளேயுள்ள இறப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு விரைவிற் கிழியும் என்பதே அதற்குக் காரணம்.

இளைய வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய ஷொக்கின் வில்லை வீட்டில் வைத்துக் கழற்ற முயலாதீர்கள். அது அமுக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. விடுபட்டால் முகத்தையும் கையையும் பதம்பார்த்துவிடும். குழாயை வெட்டுவதோ நெருப்பிற் காட்டுவதோ அதைவிட அபாயம். அந்த வேலைகளுக்குரிய கருவி கராஜில் இருக்கிறது.

அளவு நாடாவை மீண்டும் பிடித்தோம். பழைய ஷொக்கில் இருவரும் ஏறியபோது பின்பக்கம் ஆறு சென்ரிமீற்றர் அமர்ந்திருந்தது, இப்போது மூன்று. அழுத்தி விட்டால் ஒரே மூச்சில் எழுந்து நின்றது. டயர்களின் காற்றையும் இருவர் பாரத்துக்கு உரிய அளவுக்குச் சரிசெய்தோம். முதல் வாரம் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தோம்.

இவ்வளவாலும் முதுகுவலி மாயமாய் மறைந்துவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. வைத்தியர் சொன்ன பயிற்சிகள் தினமும் காலையில் நடக்கின்றன. பாதையில் மிக மோசமான இரண்டு இடங்களில் துணைவியார் இறங்கி நடக்கிறார். கொழுந்துக்குப் போகும் பெண்களோடு பேசிக்கொண்டு நடப்பது தமக்கும் நல்லது என்கிறார். ஆனால் மாலையில் வீடு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை இப்போது இல்லை. விண்ணப்பப் படிவம் இன்னும் நிரப்பப்படவில்லை. இவ்வாண்டு முதலாந் தரத்தில் இருப்பவர்கள் இரண்டாந் தரத்துக்கு ஏறும்வரை அது மேசை லாச்சியிலேயே இருக்கட்டும் என்பது அவர் முடிவு.

பாதை நாளையே செப்பனிடப்படும் என்று எதிர்பார்த்து எவரும் இங்கே இருக்க முடியாது. மழை பெய்யும், மலை சரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் புதைந்துபோன துயரத்தை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. பாதை திருந்தவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை எமது கைக்கு எட்டியதைச் செய்துகொள்வது எமது கடன்.

பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கும் குடும்பத்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். ஷொக் வாங்கப் போகும்போது பின்னாலிருப்பவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். மனைவியோ, வயதான தாயோ, பாடசாலைப் பிள்ளையோ, யாராயினும் சரியே. அவரை இருத்தி, அவர் பாரத்தோடு அளந்து, அவரிடம் கேட்டு வாங்குங்கள். கைப்பிடியைப் பிடித்திருப்பவர் பாதையைத் தெரிவு செய்கிறார். அந்தப் பாதையின் கற்களை எண்ணுபவர் பின்னால் இருக்கிறார்.